மழைக்காலத்தில் இழைத்த கதவு

உள்ரூம் கதவு நிலையில் பிடித்தது. கீழே தரையில் உரசவில்லை, மேலே மூலையில் இடிக்கவில்லை. தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில், உள்ளே யாரோ ஓரத்தை விரல்களால் பற்றிக்கொண்டு விட மறுப்பதுபோல், கடைசி ஒரு விரற்கடையில் வந்து நின்றுகொண்டது. அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கையை எடுத்ததும் கதவு சத்தமில்லாமல் உள்பக்கம் நகர்ந்து, அறையின் இருட்டை ஒரு கோடு அளவுக்குத் திறந்து வைத்தது.

மழைக்காலம், மரம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கும் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் இப்போதெல்லாம் எதையும் சத்தமாகத்தான் சொல்லிக்கொள்கிறார். மனைவி அந்த அறையில் கண்ணை மூடியதிலிருந்து அவர் உள்ளே படுத்ததில்லை. கூடத்தில் பாய், கூடத்தில் சோறு, கூடத்தில் ரேடியோ. அறையை இப்போது திறந்ததே மகளுக்காகத்தான்.

முந்தின நாள் அவள் போன் செய்திருந்தாள். பாத்ரூமுக்குள் நின்று பேசியிருக்க வேண்டும். பின்னால் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வந்துடுறேன். பாப்பாவையும் தூக்கிட்டு. திரும்பிப் போற மாதிரி இல்ல."

"மாப்பிள்ளை கை வச்சானா?"

குழாய் மட்டும் ஓடியது.

"உள்ரூம் கதவு நல்லா சாத்துமாப்பா? தாழ்ப்பாள் போட வருமா?"

"எதுக்கும்மா கேக்குற?"

"இங்க ஒரு ரூமுக்கும் தாழ்ப்பாள் இல்ல. எல்லாத்தையும் கழட்டிட்டார். உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஒரு ராத்திரி தூங்கணும்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"நீ வா. போட்டு வைக்கிறேன்."

அதனால் கதவு சாத்தியே ஆக வேண்டும்.

அவர் தச்சர் இல்லை. சென்ட்ரிங் வேலைக்காரர். கூரைக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடைத்து முட்டுக் கொடுப்பது அவர் தொழில். பலகை பொருந்தாவிட்டால் பலகையைத்தான் அறுப்பார்கள். சுவர் இருக்கிற இடத்தில் இருக்கும், ஊற்றினது இறுகினால் மலை, மரம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். முதுகு வளையும் வரைக்கும் அப்படியே வேலை பார்த்தவர். இந்த வீட்டையும் அப்படித்தான், லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து, தன் கையால் எழுப்பினார்.

கதவின் ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு இழுத்துப் பார்த்தார். எங்கே சாக்பீஸ் நிலையில் ஒட்டுகிறதோ அங்கேதான் பிடிக்கிறது என்று அர்த்தம். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. கீல் திருகுகளைக் கழற்றிக் கதவை இறக்கி, கூடத்தில் சுவரோரம் குறுக்காக நிறுத்தி, முழங்காலால் முட்டுக் கொடுத்து இழைப்புளியை ஓட்டினார். சீவல் ஈரமாக வந்தது. நல்ல மரம் சீவினால் வரும் வாசனை வரவில்லை, நெடுநாள் பெட்டிக்குள் மடித்து வைத்த புடவையின் வாசனை வந்தது. திரும்ப மாட்டினார். கதவு வெண்ணெயில் கத்தி போல வந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"அவ்ளோதான்" என்றார் கதவிடம்.

மறுநாள் காலையில் அது அதே உயரத்தில், அதே கடைசி விரற்கடையில் பிடித்தது.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் மழைக்கு யாவாரம் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. ரிட்டையர் ஆகியும் தூசி உங்கள விடலயா?"

"கதவு பிடிக்குது. நேத்து இழைச்சேன். இன்னிக்கும் பிடிக்குது."

"மழையில போய் இழைப்பாங்களா? ஊதின மரத்தைச் சீவினா, வெயில் வந்ததும் அது சுருங்கும், அப்புறம் கதவுக்கும் நிலைக்கும் நடுவுல பூனை போகும். மழை நிக்கட்டும்ணே."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சாத்தணும்."

"யாரு, மாப்பிள்ளை வர்றாரா?"

"பொண்ணு வருது."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. "மேல் கீல் தொங்கியிருக்கும். திருகு ஓட்டையில ரெண்டு தீக்குச்சிய சொருகி, உடைச்சிட்டு, நல்லா முடுக்குங்க. ஓரத்துல மெழுகுவத்தியத் தேய்ங்க. அதுக்கும் கேக்கலன்னா எங்கிட்ட ஒரு திரை இருக்கு, பூப்போட்டது, மாட்டிடலாம்."

தீக்குச்சி சொருகினார். முடுக்கினார். மெழுகு தேய்த்தார். கதவு பிடித்தது. திரும்ப இறக்கினார், திரும்ப இழைத்தார். மத்தியானம் சாத்திய கதவு விளக்கு வைக்கும் நேரத்தில் சாத்தவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கூடத்து மூலையில் சீவல் குவிந்து, பாயின் ஓரம்வரை வந்துவிட்டது. ஃபேன் ஓடும்போது சுருள்கள் தரையில் ஊர்ந்தன, சரசரவென்று, யாரோ வெறுங்காலோடு நடக்கிற மாதிரி. அவர் ஃபேனை நிறுத்தினார். சரசரப்பு நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மழை ஓயாமல் ஒரே அளவில் பெய்தது. ஓட்டைக் குழாயிலிருந்து சிமெண்ட் தரையில் தண்ணீர் விழும் சத்தம், பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கரின் பெருமூச்சு, ரேடியோவில் யாரோ எதற்கோ சிரிப்பது, இவற்றுக்கெல்லாம் அடியில், காதை ஒட்ட வைத்தால்தான் கேட்கும் இன்னொரு சத்தம் உள்ரூமிலிருந்து வந்தது. இரும்புக் கட்டில் முனகுவது. ஆள் புரண்டு படுத்தால் முனகுமே, அந்த முனகல். எட்டிப் பார்த்தார். கட்டிலில் மெத்தை மட்டும் சுருட்டிக் கிடந்தது.

அந்தக் கட்டிலில் மனைவி எத்தனை ராத்திரி தனியாகப் படுத்திருப்பாள் என்று அவர் இதுவரை யோசித்ததில்லை. அவர் வேறு ஊர்களில், கட்டி முடியாத மாடிகளில், சாக்கு விரித்துத் தூங்கியவர். பணம் அனுப்பினார். வருஷத்தில் சில வாரம் வந்தார். வந்தபோதும் ஏதாவது ஒரு சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். ஒருமுறை அவள் வாசலில் நின்று, "இந்த வீடு ரொம்பப் பெருசுங்க" என்றாள். ரெண்டே ரூம். அவர் சிரித்துவிட்டு, சாந்துச் சட்டியை எடுத்துவரச் சொன்னார்.

சனிக்கிழமை இழைக்கும்போது இழைப்புளியின் அலகு வெற்றிடத்தில் விழுந்து தடுக்கியது. குனிந்து பார்த்தார். கதவின் ஓரக்கட்டை நான்கு விரல் அகலம் இருந்தது. இப்போது அதில் ஒன்றும் மிச்சமில்லை. நடுப்பலகை செருகியிருக்கும் காடியே வெளியே தெரிந்தது. நான்கு விரல் மரத்தையும் சீவலாக்கியிருக்கிறார். நான்கு விரல். அவ்வளவு எடுத்த கதவு நிலைக்குள் லொடலொடவென்று ஆட வேண்டும்.

தூக்கி மாட்டினார். பிடித்தது.

கடைக்கு ஓடினார். குடை எடுக்கவில்லை. கடைக்காரர் முதலில் சிரித்தார், "என்னண்ணே, இப்படியே போனா கதவு ஜன்னலாயிடும்" என்றார், பிறகு இவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"நாலு விரல் எடுத்தும் பிடிக்குதா? நிலைய அளந்தீங்களா?"

"எதுக்கு?"

"எதுக்கா? எந்தத் தச்சனும் முதல்ல அதைத்தானேண்ணே அளப்பான். மேல, நடுவுல, கீழ. அப்புறம்தான் கதவத் தொடுவான்."

"நிலை கான்கிரீட்டுல பதிச்சது. நான் பதிச்சது. அது எங்க போகும்?"

"அளங்க" என்றார் கடைக்காரர். டேப்பை எடுத்து நீட்டினார். "எதுக்கும் அளங்க."

அளந்தார். மேலே அளந்தார், நடுவில் அளந்தார், கீழே அளந்தார். மூன்றும் ஒரே அளவு. அவர் பதித்த அளவைவிட நான்கு விரல் குறைவு.

டேப் கையிலிருந்து நழுவி, சுருட்டிக்கொண்டு, சுவரில் அடித்தது.

அறைக்குள் போய் விளக்கைப் போட்டார். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் இருந்த அறை அது. பாப்பாவுக்குத் தொட்டில் போடலாம் என்று கொக்கி மாட்ட இடம் பார்த்து வைத்திருந்தார். இப்போது கட்டிலின் தலைமாட்டுக் கம்பி ஒரு சுவரைத் தொட்டது, கால்மாட்டுக் கம்பி எதிர்ச்சுவரைத் தொட்டது. பக்கவாட்டில் ஒரு முழம் இருந்தது. ஒரு முழம்தான். சுவர்களில் ஒரு கீறல் இல்லை. நகர்ந்த கட்டிடங்களை அவர் பார்த்திருக்கிறார். அஸ்திவாரம் இறங்கினால் சுவர் வெடிக்கும், பூச்சு உரியும், மூலையில் ஏணிப்படி மாதிரி விரிசல் ஓடும். வலித்தால் கட்டிடம் கத்தும். இது கத்தவில்லை. பெயிண்ட் கூட உதிரவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல், தன் விருப்பத்துக்கு, மெதுவாக அறை சுருங்கியிருந்தது.

அவர் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். பரணில் கிடந்த சவுக்குக் கழிகளை இறக்கி, சுவருக்கும் சுவருக்கும் நடுவில் குறுக்கே முட்டுக் கொடுத்தார், இரண்டு முனையிலும் ஆப்பு வைத்து இறுக்கினார். டன் கணக்கில் கான்கிரீட்டைத் தாங்கிய கழிகள். விடியும்வரை கூடத்தில் உட்கார்ந்து அவற்றின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கண் அசந்தது.

எழுந்தபோது கழிகள் உடையவில்லை. வளையவில்லை. அறைக்கு வெளியே, கூடத்தில், அவர் காலடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. முனைகள் இழைத்திருந்தன. வழுவழுவென்று.

உள்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மகளுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை கூப்பிடுவான் என்று பயந்து அணைத்திருப்பாள். பஸ் ஏறியிருப்பாள். சாயங்காலம் வந்துவிடுவாள். வந்ததும் எங்கே போவாள்? நேராக அந்த அறைக்கு. பாப்பாவைப் படுக்கப் போடுவாள். தாழ்ப்பாள் போடுவாள். நிம்மதியாகத் தூங்குவாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றுவிடலாம். அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். மூன்று பேரும் எங்கேயாவது போகலாம், எங்கே என்று அப்புறம் பார்க்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கதவை இழுத்தார்.

பிடித்தது.

மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். ஜன்னலுக்கு ஓடினார். கம்பிகளுக்கு நடுவில் முன்பு கை போகும். இப்போது விரல்தான் போனது. தெருவில் ஆளே இல்லை, மழைதான் நடந்துகொண்டிருந்தது. கத்தினார். மழை அதை வாங்கித் தனக்குள் போட்டுக்கொண்டது.

கடப்பாரையை வாசல் கதவின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். மத்தியானம் முழுக்க நெம்பினார். உள்ளங்கை கிழிந்தது. ஒரு ஜாண் திறந்தது. மேல்நிலை இறங்கி வந்து கதவைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது, அதற்கு மேல் ஓர் அணு அசையவில்லை. மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தபோதுதான் அவருக்குக் கேட்டது. பின்னால். உள்ரூமுக்குள்.

சர்ரென்று ஓர் இழுப்பு. நிறுத்தம். சர்ரென்று ஓர் இழுப்பு.

அவருடைய இழைப்புளி எங்கே? கூடத்தில் இல்லை.

சாத்திய கதவின் அடியிலிருந்து ஒரு சீவல் வெளியே வந்தது. வெள்ளையாக. மெல்லிசாக. மர நிறமே இல்லை அதற்கு. சுவரின் சுண்ணாம்பு நிறம். இன்னொன்று வந்தது.

உள்ளே யாரோ அவசரமில்லாமல் வேலை பார்த்தார்கள். யாரையோ எதிர்பார்த்து வீட்டைத் தயார் செய்கிற வேலை.

கரண்ட் போனது.

"அப்பா!"

வாசலில். மழைக்கு நடுவில். பாப்பாவின் சிணுங்கல். அவர் எழுந்து இடுக்கில் முகத்தை வைத்தார். மகள் நனைந்து நின்றாள். தோளில் ஒரு பை, மார்போடு துண்டில் சுற்றிய குழந்தை. கன்னத்தில் பழுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு காயம்.

"கதவு பிடிக்குதாப்பா? இழுங்க, நானும் தள்ளுறேன்."

"தள்ளாத."

"என்னப்பா இருட்டா இருக்கு? நகருங்க, கைய விட்டு என்ன தடுக்குதுன்னு பாக்குறேன்." அவள் இடுக்கில் கையை நுழைத்தாள். முழங்கைவரை. ஈரமான கை, அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ, என்னப்பா ரத்தமா இருக்கு? விழுந்துட்டீங்களா? இருங்க, பக்கத்துல யாரையாவது கூட்டிட்டு வரேன், கதவ உடைச்சிட்டு உள்ள வந்துடுறோம்."

உடைப்பார்கள். வருவாள். ஆபத்து என்று சொன்னால் அப்பாவை இழுக்க முதல் ஆளாக உள்ளே வருவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பயந்து போக மாட்டாள். கோபித்துக்கொண்டால்தான் போவாள்.

அவள் முழங்கைக்கு மேலே நிலை நகர்வதை அவர் பார்த்தார். ஒரு நூல். இன்னொரு நூல்.

"கைய எடு" என்றார்.

"அப்பா?"

"கைய எடுங்கிறேன்ல! யாரைக் கேட்டு வந்த?"

பிடி தளர்ந்தது. ஆனால் கை போகவில்லை.

"நீங்கதானேப்பா வரச் சொன்னீங்க?"

"போன்ல என்னத்தச் சொல்றது? வாழாவெட்டியா வந்து நிக்கிறேங்கிற, ஊர் சிரிக்கும். உனக்கு இங்க இடம் இல்ல. என் தங்கச்சி வீட்டுக்குப் போ."

"அத்தையா? அப்பா, பாப்பாவுக்கு ஜுரம் அடிக்குது. இந்த ஒரு ராத்திரி..."

அவர் தன் மகளின் கையை, மணிக்கட்டில் பிடித்து, முறுக்கி, வெளியே தள்ளினார். இதற்குமுன் அவளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அவள் எலும்பு நிலையில் இடிபடும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அடி வாங்கிப் பழகியவள் மாதிரி, கையை மார்போடு வைத்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் போனாள்.

"நீங்களுமா?" என்றாள்.

அவர் இடுக்கிலிருந்து முகத்தை எடுத்து இருட்டுக்குள் பின்வாங்கினார்.

அவள் பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, குழந்தையின் தலைக்கு முந்தானையை மூடிவிட்டு, திரும்பி நடந்தாள். அத்தை வீடு மூன்று தெரு தள்ளி. போய்விடுவாள். கதவு சாத்துவார்கள் அங்கே. அவர் இடுக்கில் ஒரு கண்ணை வைத்து, அவள் முதுகு மழையில் கரைந்து போகும்வரை பார்த்தார். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்தார்.

கண்ணுக்கு முன்னால் வாசல் கதவு தானாக வந்து மூடிக்கொண்டது. எங்கும் உரசவில்லை. பிடிக்கவில்லை. காற்றுப் புக ஓர் இழை இடைவெளி இல்லாமல், இருட்டில், அவ்வளவு அருமையாகப் பொருந்தியது.

மழைச் சத்தம் நின்றுபோனது. குழாய்ச் சத்தம் நின்றது. இழைக்கும் சத்தமும் நின்றது.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. கூடத்தின் சுவர்கள் இரண்டு தோளையும் தொட்டு, குளிராக, பொறுமையாக, அவரைப் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போயின. முழங்காலின் பின்புறத்தில் கட்டிலின் இரும்பு இடித்தது. அறை இப்போது கட்டில் அளவு இருந்தது. கூரை கைக்கு எட்டியது.

இரும்பு முனகியது. நெடுநாள் பெட்டிக்குள் மடித்து வைத்த புடவையின் வாசனை வந்தது. சுவரோரம் படுத்திருந்த யாரோ, அவருக்காக, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.